16 இன்ச் டாப்சோனியன்: கேலக்ஸி பாக்க அருமை, தலைக்கு நேர் மேல மட்டும் கேக்காதீங்க

கைல 10 இன்ச் கண்ணாடி வச்ச டெலஸ்கோப் இருக்கு, வித்துட்டு என்னோடது மாதிரி 16 இன்ச் ட்ரஸ் டாப் (கம்பிச் சட்டம் போட்ட டாப்சோனியன், அதாவது பெட்டி மேல உக்காந்திருக்கற, கையால தள்ளித் திருப்பற டெலஸ்கோப்) எடுக்கலாமாடான்னு ஃப்ரெண்டு கேட்டான், போன்ல சொல்லி முடியல, அதான் எழுதிடறேன்.

வெளிச்சம் ரெண்டரை மடங்கு கூட வரும், அது உனக்கே தெரியும். கன்னி ராசிப் பக்கம் திருப்பிப் பாத்தா தான் அதோட அர்த்தம் புரியும். எம்84, எம்86னு ரெண்டு கேலக்ஸி தான் ரெண்டு கண்ணு, நடுவுல குட்டியா என்ஜிசி 4387 மூக்கு, அதுக்குக் கீழ நீட்டமா என்ஜிசி 4388 வாய், ஒரே ஐபீஸ்ல (கண்ணை வச்சுப் பாக்கற லென்ஸ்) முழு மூஞ்சி! 10 இன்ச்ல அந்த மூக்கை ஓரக்கண்ணால தான் புடிக்கணும், இதுல நேரா பாத்தாலே நிக்குது, 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி கெளம்புன வெளிச்சம்யா அது.

கடுப்பு எங்கன்னா, ஜான் டாப்சன் டெலஸ்கோப்பைத் தாங்கற இந்தப் பெட்டி மவுண்டைப் பிரபலமாக்குனது சான் பிரான்சிஸ்கோவுல, அந்த ஊர் கெடக்கறது அட்சரேகை 38 டிகிரியில, கன்னி கேலக்ஸி கூட்டம் அங்க உச்சிக்கு, அதான் தலைக்கு நேர் மேல இருக்கற புள்ளிக்கு, 25 டிகிரி தள்ளித்தான் போகும், அவங்களுக்கு என்ன கவலை. நமக்கு? நான் போறது ஜவ்வாது மலை, காவலூர் பக்கம், அட்சரேகை பன்னெண்டரை. எம்84, எம்86, எம்87 மூணுமே உச்சிக்கு அரை டிகிரிக்குள்ள கடக்குது. குறுக்க வர்ற காத்து கம்மி, வானம் இருட்டு, எல்லாம் உச்சத்துல இருக்கற அந்த நேரம் பாத்து டியூப் செங்குத்தா நிக்கும், பக்கவாட்டுல தள்ளுனா திரும்பாது, பெட்டியைக் கட்டிப்புடிச்சு மொத்தமா சுத்தணும், 140 பவர்ல ரெண்டு நிமிஷம் சொச்சத்துல கேலக்ஸி ஓடியே போயிடும், திரும்ப ஃபைண்டர் (குறி பாக்கற குட்டி டெலஸ்கோப்), திரும்ப ஸ்டூல் (ஐபீஸ் அஞ்சரை அடிக்கு மேல நிக்குதே). டாப்சன்ஸ் ஹோல்னு இதுக்குப் பேரு வச்சிருக்காங்க, பேரு வச்சு என்ன பண்றது.

நியாயமா சொன்னா ஒரு மணி நேரம் பொறுத்தா போதும், 15 டிகிரி மேற்க சாஞ்சிடும், குறுக்க வர்ற காத்து மூணு நாலு சதவீதம் தான் கூடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா ஏப்ரல் ராத்திரி மேகம் நமக்காக ஒரு மணி நேரம் காத்துட்டு இருக்குமா என்ன?

தெக்குப் பக்கம் திருப்பிட்டா இந்தத் தொல்லையே இல்ல. அமெரிக்காகாரனுக்கு அடிவானத்துல ஒட்டிட்டு கெடக்கற சென்டாரஸ் ஏ கேலக்ஸி நமக்கு 34 டிகிரி உசரத்துல, நடுவுல அந்த தூசிப் பட்டை தெளிவா, டியூபும் ஒரு விரல்ல நகருது. அப்போ மட்டும் இது மாதிரி ஸ்கோப் உலகத்துலயே இல்லன்னு தோணும்.

இருந்தாலும் 10 இன்ச்சை விக்காதே, காசைப் போட்டு மாட்டிக்காதே, இப்போதைக்கு என் பதில் வேணாம்தான். என்னோடத விப்பியான்னு கேட்ட பாரு, அதுக்கும் அதே பதில்.