லூபஸ் உள்ளவர்கள் வீட்டில் பாவிக்கும் யூரின் ஸ்ட்ரிப்: திருகோணமலை வெக்கையில் எவ்வளவு நம்பலாம்?

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய். அதில் சிறுநீரகம் நோகாமலே கெடலாம். அப்படிக் கெடும்போது கால் வீங்க முன்னமே சலத்தில் புரதம் இறங்கத் தொடங்கிவிடும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க சலத்தில் தோய்த்து நிறம் பார்க்கும் 10 கட்ட ஸ்ட்ரிப் உண்மையிலேயே நல்ல சாமான். ஆனால் எங்கள் ஊரில் அது இரண்டு விதமாக ஏமாற்றும்.

ஒன்று தண்ணீர். ஸ்ட்ரிப் பார்ப்பது செறிவை மட்டும். யூ.பி.சி.ஆர் 800 உள்ள ஒருவரை எடுங்கள். அதாவது சலத்தில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு (தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள்) 800 மில்லிகிராம் புரதம். கச்சான் வீசும் நாட்களில், கடும் மஞ்சளாகப் போகும் சலத்தில் கிரியாட்டினின் டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராம் என்றால் புரதம் 160. புரதக் கட்டம் பச்சையாகி இரண்டு பிளஸ் காட்டும். அதே ஆள் நிறையத் தண்ணீர் குடித்து, கிரியாட்டினின் 25க்கு இறங்கினால் புரதம் வெறும் 20. கட்டம் கிட்டத்தட்ட மஞ்சளாகவே நிற்கும். நோய் ஒரு துளியும் குறையவில்லை. ஆகவே விடிய எழும்பியதும் போகும் சலத்தையே, தொடக்கத்தை விட்டு நடுவில் பிடியுங்கள். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். தோய்த்த உடனே எடுத்து, விளிம்பை டிஷுவில் ஒற்றி, கிடையாகப் பிடித்து, போத்தலில் போட்டிருக்கும் நேரத்தில் பாருங்கள். புரதத்துக்குப் பெரும்பாலும் 60 செக்கன். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு மாறும் நிறத்துக்குப் பொருளில்லை.

மற்றது ஈரம். மாரியில் மூடி இறுக்காத போத்தலில் நைத்திரைற்றுக் கட்டம் தோய்க்க முன்னமே இளஞ்சிவப்பாகிக் கிடக்கும். அப்படிக் கண்டால் போத்தலோடு எறியுங்கள். பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்த்து ஸ்ட்ரிப் கெடும். கரையும் விற்றமின் சி குடித்த நாளில் இரத்தக் கட்டம் உள்ள இரத்தத்தையும் மறைக்கும்.

இரண்டு காலை தொடர்ந்து புரதத்துக்கு ஒரு பிளஸ் வந்தால் கிளினிக் திகதிவரை இருக்கவேண்டாம், யூ.பி.சி.ஆரும் யூ.எஃப்.ஆரும் (சலத்தின் முழுப் பரிசோதனை) செய்யுங்கள். யூ.பி.சி.ஆர் 500 தாண்டினால் பயொப்சி (சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) பற்றிய பேச்சு வரும். மூதூர், கிண்ணியாவிலிருந்து வருபவர்கள் யூ.பி.சி.ஆருக்கான சலத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாம். யூ.எஃப்.ஆருக்கு மட்டும் லாப்பிலேயே கொடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் தேடுகிற, சிறுநீரகக் குழாய்களில் உருவாகும் செங்குருதிக் கல வார்ப்புகள் வெக்கையில் சில மணித்தியாலத்திலேயே சிதைந்துவிடும்.

எம்.சி.பி-1, என்.ஜி.ஏ.எல், சி.டி.163 என்று புதிய சலக் குறிகாட்டிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இவற்றில் சி.டி.163 மேல்தான் எங்களுக்கு நம்பிக்கை. புரதம் பழைய தழும்பாலும் கசியும்; சி.டி.163 அழற்சி நடக்கும் சிறுநீரகத்தின் மக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் சக்திக் கலங்களிலிருந்து கழன்று வருவது. ஆனாலும் எல்லா லாப்பும் ஏற்கும் ஒரே எல்லை அளவு இன்னும் இல்லை. லூபஸ் சிறுநீரக நோயின் 6 வகுப்புகளில் எது என்றும் அது பிரித்துச் சொல்லாது, அதற்குப் பயொப்சிதான். கட்டம் ஒரு கிழமை மஞ்சளாக நின்றதென்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தை நீங்களாகக் குறைக்கவேண்டாம். திகதியையும் நிறத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.