ஒரே செட்டப், மூன்று பிராசசர்: இன்னோ செட்டப்போடு பத்து வருடம்

கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. செட்டப் ஃபைல் தயாரிப்பது ஆரம்பத்திலிருந்தே என் பொறுப்பு, கருவி இன்னோ செட்டப். ஜோர்டான் ரஸ்ஸல் 1997இல் வெளியிட்டது. இன்றைக்கும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. மனதாரப் பாராட்டுகிறேன்.

32 பிட்டிலிருந்து 64க்கு மாறியபோது ஒரு சிக்கல்தான் வந்தது. கண்ட்ரோல் பேனலில் எங்கள் சாஃப்ட்வேர் இரண்டு முறை தெரிந்தது. பழைய செட்டப் தன் விவரத்தை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 32 பிட்டுக்கான தனிக் கிளையில் எழுதியிருந்தது. 64 பிட் முறையில் ஓடிய புது செட்டப் அந்தப் பக்கம் போகவே இல்லை. பழையதைத் தேடி நீக்கச் சில வரிகள் எழுதிச் சேர்த்ததும் சரியானது.

இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகை பிராசசர் வந்த பிறகுதான் நிஜமாகவே படிக்க வேண்டியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "தம்பி, போன வாரம்தான் புது லேப்டாப் வாங்கினேன். உங்க செட்டப் ஏத்தவே விடமாட்டேங்குது."

"என்ன பிராசசர் அண்ணே?"

"ஸ்னாப்டிராகன்னு ஒட்டியிருக்கு."

ஸ்னாப்டிராகன் ஏஆர்எம் வகை. இந்தக் கணினிக்கு ஆகாது என்று சொல்லி எங்கள் செட்டப் நின்றுவிட்டிருந்தது. உண்மையில் ஆகும். ஏஆர்எம் கணினியில் விண்டோஸ் 10 இன்டெல்லுக்கு எழுதிய 32 பிட் நிரல்களை மட்டும் எமுலேஷனில், அதாவது உடனுக்குடன் மொழிபெயர்த்து, ஓட்டும். விண்டோஸ் 11 எக்ஸ்64 எனப்படும் 64 பிட் இன்டெல், ஏஎம்டி நிரல்களையும் ஓட்டிவிடும். தடுத்தது என் ஸ்கிரிப்டில் இருந்த 'எக்ஸ்64' என்ற ஒற்றைச் சொல். அசல் இன்டெல், ஏஎம்டி விண்டோஸை மட்டும்தான் அது குறிக்கும். 2024இல் வந்த 6.3 பதிப்பு அதை இரண்டாகப் பிரித்தது: 'எக்ஸ்64ஓஎஸ்' என்றால் அசல் எக்ஸ்64 விண்டோஸ், 'எக்ஸ்64கம்பாட்டிபிள்' என்றால் எக்ஸ்64 நிரலை ஓட்டத் தெரிந்த எந்த விண்டோஸும். இந்த இரண்டாவது சொல்லைப் போட்டதும் அவருடைய லேப்டாப்பில் ஏறிவிட்டது.

ஓடியது, ஆனால் மாதக் கடைசி ரிப்போர்ட் எடுக்க நேரம் பிடித்தது. அதனால் ஏஆர்எம்64க்குத் தனியாக கம்பைல் செய்து அதையும் செட்டப்பில் சேர்த்தேன். வேகம் மாறவே இல்லை. இரண்டு நாள் நிரலைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டாஸ்க் மேனேஜரில் 'ஆர்க்கிடெக்சர்' என்ற பத்தியை வரவழைத்துப் பார்த்தால், எங்கள் நிரலுக்கு நேரே எக்ஸ்64 என்றிருக்கிறது! ஏஆர்எம்மா என்று கேட்டாலும், எக்ஸ்64 ஓடுமா என்று கேட்டாலும் அந்தக் கணினி ஆமாம் என்றுதான் சொல்லும். அதனால் இரண்டு ஃபைலும் ஒரே பெயரில் இறங்கி, பின்னால் வந்த எக்ஸ்64 முன்னதை அழித்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 'ஏஆர்எம்64 இல்லாமல், எக்ஸ்64 ஓடினால்' என்று நிபந்தனையை மாற்றிய பிறகுதான் சரியான ஃபைல் தங்கியது.

லைசென்ஸைச் சரிபார்க்கக் கணினியில் செருகும் சின்னச் சாதனமான டாங்கிளின் டிரைவர் இன்னும் தீராத குறை. எமுலேஷன் சாதாரண நிரல்களுக்கு மட்டுந்தான்; விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போகும் டிரைவர் ஏஆர்எம்64க்கென்றே கட்டியதாக இருக்க வேண்டும். எங்களுக்கு டாங்கிள் தருபவர்களிடம் அது இல்லை. ஆகவே ஏஆர்எம் கணினி என்றால் முதல் திரையிலேயே அதைச் சொல்லி, ஆன்லைன் லைசென்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன். எல்லாம் ஏறி முடிந்த பிறகு 'டாங்கிள் இல்லை' என்று வந்தால் கடைக்காரர் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டுத் தவிப்பார்.

32 பிட், எக்ஸ்64, ஏஆர்எம்64 மூன்றுக்கும் சேர்த்து ஒரே செட்டப் என்பதால் ஃபைல் கனத்துவிட்டது, உண்மைதான். ஆனால் தன் பிராசசர் எதுவென்று கடைக்காரர் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. அதற்காக இந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபைல்களை ஒரே கட்டாகச் சுருக்கும் சாலிட் கம்ப்ரஷன் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பிராசசர் தொகுப்பின் முதல் ஃபைலுக்கும் 'சாலிட்பிரேக்' கொடியைப் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாத தொகுப்பையும் பிரித்துக் கடந்துதான் வேண்டியதை எடுக்கும். பழைய கணினிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சோதிப்பதற்கென்று ஏஆர்எம் லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு அனுப்புவதற்கு முன் மூன்று கணினியிலும் ஏற்றி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் பத்தியைப் பார்த்த பிறகுதான் லிங்க் அனுப்புகிறேன்.