உமிழ்நீர் மரபணு கிட்: தோல் புற்றுநோய் அபாயத்தை எவ்வளவு தூரம் சொல்லும்?

வீட்டிலேயே உமிழ்நீர் எடுத்து அனுப்பினால் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கணித்துத் தரும் கிட்கள் பல பெயர்களில் கிடைக்கின்றன. பெயர் எதுவானாலும் வருவது ஒரு குழாய், ஒரு கேள்வித்தாள், கடைசியில் ஒரு மதிப்பெண். இதில் கேள்வித்தாளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

மாதிரி எடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் சாப்பிடவோ, குடிக்கவோ, புகைக்கவோ, பல் துலக்கவோ கூடாது. பெரும்பாலும் 2 மி.லி. உமிழ்நீர் கேட்பார்கள். குழாயிலுள்ள அளவுக்கோட்டைத் தொட வேண்டியது நீர். நுரையையும் சேர்த்துக் கணக்கிட்டால் டிஎன்ஏ போதாமல் மாதிரி திரும்பிவிடும். வாய் காய்ந்திருந்தால் கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தேய்த்துவிடுங்கள், ஊறும். மூடியிலுள்ள பதப்படுத்தும் திரவம் முழுக்க இறங்கிய பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். அது சரியாகக் கலக்காவிட்டால் வழியிலேயே டிஎன்ஏ சிதையத் தொடங்கும்.

மரபணுப் பகுதியில் எம்சி1ஆர் கட்டாயம் இருக்கும். செம்முடி, வெயிலில் சட்டென்று கன்றும் தோல் இரண்டுக்கும் காரணமான மரபணு அது. செம்முடி இல்லாமலே இதன் ஒரு மாற்றத்தைச் சுமப்பவர்களுக்கும் அபாயம் கொஞ்சம் கூடும் என்பதால் இந்த முடிவால் பயன் உண்டு. சிடிகேஎன்2ஏ அப்படியில்லை. குடும்பங்களில் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோயைக் கொண்டுவரும் மாற்றங்கள் அந்த மரபணு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான கிட்கள் பயன்படுத்தும் சிப் முறையோ டிஎன்ஏவில் முன்பே குறித்துவைத்த சில இடங்களை மட்டும் படிக்கிறது. அதனால் ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. குடும்பத்தில் பலருக்கு மெலனோமாவோ கணையப் புற்றுநோயோ இருந்தால் கிட்டை விட்டுவிட்டு, மரபணு ஆலோசகர் வழியாக, மரபணுவை முழுக்கப் படிக்கும் வரிசைப் பரிசோதனைக்குப் போங்கள். ‘அரிய மாற்றம் இருக்கிறது’ என்று வந்தாலும் மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் நம்ப வேண்டாம். அரிய மாற்றங்களில் சிப் அடிக்கடி தவறும்.

கேள்வித்தாள் தரமானதா என்று பார்க்க மச்சம் பற்றிய கேள்வியைத் தேடுங்கள். உடலில் 100 மச்சம் உள்ளவருக்கு, 15க்கும் குறைவாக உள்ளவரைவிட மெலனோமா வாய்ப்பு சுமார் 7 மடங்கு. உடல் முழுக்க எண்ண முடியாவிட்டால் வலக்கையை மட்டும் எண்ணலாம்: 11க்கு மேல் இருந்தால் மொத்தம் 100ஐத் தாண்ட வாய்ப்பு அதிகம் என்று இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. உறுப்பு மாற்று சிகிச்சை, ஆர்சனிக் கலந்த குடிநீர், முன்பு வந்த தோல் புற்றுநோய் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். முடி நிறம், கண் நிறத்தோடு கேள்வி முடிந்துவிட்டால் அந்தக் கிட்டை வாங்காதீர்கள்.

அறிக்கையில் ‘இருமடங்கு அபாயம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எத்தனை ஆண்டுகளில், ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்ற எண் வேண்டும். அதுவும் மெலனோமாவுக்குத் தனியாக, மற்ற தோல் புற்றுநோய்களுக்குத் தனியாக.

பெரிய குறை ஒன்று. இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. பழுப்பு, கருப்புத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அதிகம் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ‘குறைந்த அபாயம்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிவரும் கருங்கோட்டை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.