மானிட்டரே இல்லாத சர்வர்ல கிராஃபிக்ஸ் பாக்குறது: நாலு வருஷ அனுபவம்

கோயம்புத்தூர்ல சின்ன ஆபீஸ் எங்களது, பம்ப்புக்கு இம்பெல்லர் (உள்ள சுத்தற பிளேடு சக்கரம்) டிசைன் பண்றோம். தண்ணி உள்ள எப்படி ஓடுது, எந்த எடத்துல பிரஷர் கொறஞ்சு கேவிட்டேஷன் (தண்ணில ஆவிக் குமிழி உருவாகி உடையறது) வரும்னு ஓப்பன்ஃபோம்ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல ஓட்டி, பேராவியூங்கற சாஃப்ட்வேர்ல படமா பாக்கணும். அதுக்கு 2021ல என்விடியா கார்டு போட்ட ஒரு சர்வர் வாங்குனோம். டெபியன் லினக்ஸ் போட்டு பின்னாடி ரூம்ல வச்சாச்சு, ஃபேன் சத்தத்துல அங்க யாரும் உக்கார முடியாதுன்னு மானிட்டர், கீபோர்டு எதுவும் மாட்டல. எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்ல இருந்து பாத்துக்கலாம்னு நெனச்சோம். அந்த "பாத்துக்கலாம்" நிலைக்கு வர்றதுக்கு முழுசா ஒரு வருஷம் ஆச்சுங்க. அதனால தான் இத எழுதறேன், இதே வேலைல எறங்கறவங்க அந்த ஒரு வருஷத்த மிச்சம் பிடிக்கட்டும்.

எல்லாரும் ஆரம்பிக்கற மாதிரி நாங்களும் எஸ்எஸ்ஹெச்ல (தூரத்து மெஷின்ல கட்டளை அடிச்சு வேலை செய்யற வழி) எக்ஸ் ஃபார்வர்டிங்ல தான் ஆரம்பிச்சோம். எக்ஸ்ங்கறது லினக்ஸ்ல விண்டோ காட்டற சிஸ்டம், ஃபார்வர்டிங்னா சர்வர்ல ஓடற ப்ரோக்ராமோட விண்டோ நம்ம லேப்டாப்ல வரும். எஸ்எஸ்ஹெச் கட்டளைல மைனஸ் போட்டு பெரிய எக்ஸ் போடணும், சின்ன எக்ஸ் போட்டா ஃபார்வர்டிங்க நிறுத்துன்னு அர்த்தம், ஒருத்தர் ரெண்டு நாள் சின்ன எக்ஸ்லயே போட்டுட்டு இருந்தாரு. 'கேன்ட் ஓப்பன் டிஸ்ப்ளே'ன்னு வந்தா நான் இப்ப மொதல்ல பாக்கறது எக்கோ போட்டு டிஸ்ப்ளே வேரியபிள் (விண்டோவ எங்க காட்டணும்னு சொல்றது). லோக்கல்ஹோஸ்ட், கோலன், 10.0ன்னு ஏதாவது வந்தா ஃபார்வர்டிங் வேலை செய்யுது. காலியா வந்தா சர்வர்ல எக்ஸ்ஆத்ங்கற, அனுமதிச் சாவிய (குக்கி) ஃபைல்ல வச்சுக்கற ப்ரோக்ராமே இல்லாம இருக்கும், மினிமல் இன்ஸ்டால்ல அது வராது, இல்லன்னா சர்வரோட செட்டிங் ஃபைலான எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல எக்ஸ்11 ஃபார்வர்டிங் 'நோ'ன்னு இருக்கும். ஒருநாள் எல்லாமே சரியா இருந்தும் வரல, கடைசில பாத்தா சிமுலேஷன் ரிசல்ட் எழுதி எழுதி ஹோம் டிஸ்க் ஃபுல் ஆயிருக்கு, எக்ஸ்ஆத்தால அந்த குக்கி ஃபைல எழுத முடியல. டிஸ்ப்ளே பிரச்சனைக்கு டிஸ்க் எடத்த யாருங்க பாப்பாங்க, இப்ப நான் பாக்கறேன்.

அப்புறம் அந்த 20 நிமிஷ கதை. எங்க ஆள் ஒருத்தர் மேக்ல எக்ஸ்குவார்ட்ஸ் (மேக்குக்கான எக்ஸ்) போட்டு வேலை செய்வாரு, காலைல கனெக்ட் பண்ணா நல்லா வரும், கொஞ்ச நேரம் கழிச்சு புதுசா ஒரு விண்டோ திறந்தா மட்டும் டிஸ்ப்ளே இல்லைன்னு சொல்லும், ஏற்கனவே திறந்தது அப்படியே ஓடும். நெட்வொர்க், ரவுட்டர், கேபிள் எல்லாத்தையும் சந்தேகப்பட்டோம். விஷயம் என்னன்னா பெரிய எக்ஸ் போட்டா அது நம்பிக்கை இல்லாத கனெக்ஷன்னு கணக்கு, 20 நிமிஷத்துக்கு மேல புது கனெக்ஷன ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஏத்துக்காது. பெரிய ஒய் போட்டா அந்த கெடு கெடையாது. நம்ம சொந்த சர்வருக்கு ஒய் போடலாம், தெரியாத மெஷினுக்கு போடாதீங்க, அங்க இருந்து உங்க கீபோர்டுல அடிக்கறத எல்லாம் படிக்க முடியும். நெறைய லினக்ஸ்ல எக்ஸ் போட்டாலே ஒய் மாதிரி நடக்கற மாதிரி தான் செட் பண்ணி வச்சிருக்காங்க, அதான் எங்க லினக்ஸ் லேப்டாப்புக்கெல்லாம் இது வரவே இல்ல.

இதெல்லாம் சரி பண்ணியும் பேராவியூ வரல. ஜிஎல்எக்ஸ் (எக்ஸ்ல 3டி படத்துக்கான பகுதி) எரர், இல்லன்னா விண்டோ வந்து உள்ள கறுப்பா நிக்கும். இங்க தான் எனக்கு விஷயமே புரிஞ்சது. எக்ஸ் 1984ல எம்ஐடில ஆரம்பிச்சது, அதுல 'சர்வர்'னு சொல்றது நம்ம முன்னாடி இருக்கற லேப்டாப்ப, தூரத்துல ஓடற ப்ரோக்ராம் தான் 'க்ளையன்ட்'. அப்ப எக்ஸ் ஃபார்வர்டிங்ல படத்த வரையறது யாரு? என் லேப்டாப்பு. காசு போட்டு வாங்குன கார்டு சர்வர்ல சும்மா தூங்குது. ஓப்பன்ஜிஎல், அதாவது 3டி படம் வரையற கட்டளை எல்லாம் நெட்வொர்க் வழியா வரணும், அந்த வழில 1.4 பதிப்பு வரைக்கும் தான் வரும், பேராவியூ கேக்கறது 3.2. எத்தன செட்டிங் மாத்துனாலும் வராது, வழியே இல்ல. அதுக்கப்புறம் எந்த பிரச்சனை வந்தாலும் நான் கேக்கற மொத கேள்வி 'படம் எந்த மெஷின்ல வரையுது' தான்.

சரி படத்த சர்வர்லயே வரையட்டும், வரைஞ்சத மட்டும் அனுப்பட்டும்னு டெஸ்க்டாப் போட்டு, அந்த ஸ்க்ரீன லேப்டாப்புக்கு அனுப்பற விஎன்சி ஓட்டுனோம். டெபியன்ல க்னோம்ங்கற டெஸ்க்டாப் போட்டதும் சர்வர் தானா காணாம போக ஆரம்பிச்சது. பிங் கூட போகாது. நைட்டு வாட்ச்மேனுக்கு போன் போட்டு "அண்ணா, பின்னாடி ரூம்ல அந்த பொட்டில இருக்கற பட்டன ஒருவாட்டி அமுக்கி விடுங்க"ன்னு சொல்லுவேன், அவரும் அமுக்குவாரு, உடனே வந்துரும். காரணம் இன்னொரு 20 நிமிஷம். லாகின் ஸ்க்ரீன்ல யாரும் 20 நிமிஷம் தொடலன்னா க்னோம் மெஷின தூங்க வச்சுரும், எஸ்எஸ்ஹெச்ல நாம வேலை செய்யறது அதுக்கு கணக்குல வராது. சிஸ்டம்சிடிஎல்ல ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட் டார்கெட்ட எல்லாம் மாஸ்க் பண்ணதும் (ஓடவே விடாம அடைக்கறது) நின்னுச்சு. அப்பவே க்னோம தூக்கிட்டு எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் போட்டேன், விஎன்சிக்கு அது தான் சரிப்பட்டு வருது.

விஎன்சி வந்தும் படம் நத்தை மாதிரி தான் நகர்ந்துச்சு. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ போட்டு ரெண்டரர்ங்கற வரிய பாருங்க, அங்க எல்எல்விஎம்பைப்புன்னு இருந்தா படத்த சிபியு வரையுது, கார்டு இல்ல. இதுக்கு தான் வர்ச்சுவல்ஜிஎல், கூடவே டர்போவிஎன்சி. பேராவியூவுக்கு முன்னாடி விஜிஎல்ரன் சேத்து ஓட்டுனா ஓப்பன்ஜிஎல் வேலைய மட்டும் பிரிச்சு கார்டுக்கு அனுப்பி, வரைஞ்ச படத்த விஎன்சிக்கு குடுக்கும். ஆனா பழைய முறைல கார்டு மேல ஒரு எக்ஸார்க் (எக்ஸ் சர்வர் ப்ரோக்ராம்) ஓடணும், மானிட்டர் இல்லாததால அது 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்'னு விழுந்துரும். 'அலவ் எம்ப்டி இனிஷியல் கான்ஃபிகரேஷன்'னு ஒரு ஆப்ஷன் போடணும். அதப் போட்டும் ரெண்டு நாள் வரல எனக்கு. எல்எஸ்பிசிஐல (மாட்டியிருக்கற கார்டெல்லாம் காட்டற கட்டளை) கார்டு 0ஏன்னு காட்டுது, அது ஹெக்ஸ் (16ஐ அடியா வச்ச எண்), எக்ஸார்க் ஃபைல்ல பஸ் ஐடி சாதாரண எண்ணுல 10ன்னு எழுதணும். அவ்ளோ தான். சிலர் எச்டிஎம்ஐ டம்மி ப்ளக்னு சின்னதா ஒண்ணு வாங்கி சொருகுவாங்க, மானிட்டர் இருக்கற மாதிரி கார்ட நம்ப வைக்கும், அதுவும் தப்பில்ல. வர்ச்சுவல்ஜிஎல் 3.0ல இருந்து ஈஜிஎல் முறை வந்துருச்சு, அந்த எக்ஸார்க்கே தேவையில்ல, புதுசா போடறவங்க நேரா அதுக்கே போங்க.

விஎன்சி பாஸ்வேர்டு எவ்ளோ நீளமா வச்சாலும் பழைய முறைல மொத 8 எழுத்த தான் பாக்கும், அதனால 5901 போர்ட்ட வெளிய திறக்காதீங்க. லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் கேக்க வச்சு எஸ்எஸ்ஹெச் டனல்ல தான் நாங்க வர்றோம்.

பேராவியூ மட்டும் போதும்னா பிவிசர்வர் (சர்வர்ல ஓடற பேராவியூ பாதி, லேப்டாப்ல இருக்கற பேராவியூ அதோட சேரும்) இன்னும் நல்ல வழி, 11111 போர்ட்டு, ரெண்டு பக்கமும் ஒரே வெர்ஷனா இருக்கணும். எங்களுக்கு மெஷ் போடற சாஃப்ட்வேரும் வேணும், அதனால முழு டெஸ்க்டாப்.

அதுக்கப்புறம் பெருசா தொந்தரவு பண்ணது ட்ரைவர் தான். தானா அப்டேட் ஆகி, ஓடிட்டு இருக்கற மாட்யூல் ஒரு வெர்ஷன், லைப்ரரி ஒரு வெர்ஷன்னு ஆயி மூணு நாளா ஓடற ரன் பாதில இருக்கறப்ப கார்டே இல்லைன்னு சொல்லும். ரீபூட் பண்ணா சரியாயிரும், ஆனா ரன் முடியற வரைக்கும் எப்படி ரீபூட் பண்றது? இப்ப என்விடியா பேக்கேஜ் எல்லாத்தையும் ஹோல்டுல (தானா அப்டேட் ஆகாம) வச்சுட்டு, வேலை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமையா பாத்து நானே அப்டேட் பண்றேன்.

வீட்ல இருந்து பாக்கறப்ப ஒரு விஷயத்துல மட்டும் இன்னும் கவனமா இருக்கேன். நெட் மெதுவா இருந்தா டர்போவிஎன்சில ஜேபெக் குவாலிட்டிய கொறச்சு வப்போம், படம் வேகமா சுத்தும், ஆனா பிளேடு நுனில இருக்கற மெல்லிசான நீலப் பட்டை கலங்கிப் போயிரும், பிரஷர் கொறையற எடமே அது தான். ஒருதடவ அத வச்சு பிரச்சனை இல்லைன்னு முடிவு பண்ணப் பாத்தோம், காலைல ஆபீஸ் வந்து பாத்தா பட்டை தெளிவா இருந்துச்சு. இப்ப முடிவு சொல்றதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எல் நாலையும் சேத்து அமுக்குவேன், அந்த ஒரு ஃப்ரேம் இழப்பே இல்லாம முழுசா வரும், ரெண்டு செகண்ட் காத்திருந்து அதப் பாத்துட்டு தான் பேசுவேன்.