தரம் 4, 5 சுற்றாடல் பெட்டி: பொருள் நல்லது, வழிகாட்டிதான் சறுக்குகிறது

திருகோணமலை நகரப் புத்தகக் கடையில் 4,800 ரூபாவுக்குக் கிடைக்கிற கற்பித்தல் பெட்டி இது. உள்ளே 25 மாவட்டங்களையும் தனித்தனி ஸ்பொஞ்சுத் துண்டுகளாக வெட்டிய இலங்கைப் படம், சின்னத் திசையறிகருவி, 60 சென்ரிமீற்றர் காலக்கோட்டுப் பட்டி, 24 தொழில் அட்டைகள், 60 வினா அட்டைகள், ஆசிரியருக்கு 16 பக்க வழிகாட்டி.

படத்துண்டுகள் காசுக்குத் தகுந்தவை. ஆறு பேருக்கு ஒரு படம் என்றால் எல்லாக் கையும் வேலை செய்யும். பத்துப் பேரானால் நாலு பேர் பொருத்த மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சுவரில் மாட்டச் சொல்கிறது வழிகாட்டி. மாட்டாதீர்கள். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தே பழகிய பிள்ளைக்கு வடக்கு என்றால் கூரைப் பக்கம். நிலத்தில் பரப்பி, படத்தின் வடக்கை உண்மையான வடக்குக்குத் திருப்பி, பிள்ளைகளைச் சுற்றி இருத்துங்கள். திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் வளைவைச் சீவி நேர்கோடாக்கியிருக்கிறார்கள். நம்முடைய துறைமுகமே படத்தில் இல்லை! மார்க்கர் பேனாவால் கீறிக்கொள்ள வேண்டியதுதான்.

திசைப் பாடத்தில்தான் பெரிய கோளாறு. ‘நண்பகலில் நிழல் வடக்கே விழும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். நட்ட தடிக்கு நிழலே இராது. அதிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் நிழல் தெற்கே விழும். யூன் கடைசியில் ஒரு மீற்றர் தடிக்குத் தெற்குப் பக்கம் ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர். டிசம்பர் கடைசியில் வடக்குப் பக்கம் 60ஐத் தாண்டும். வழிகாட்டியை நம்பி யூலையில் முற்றத்தில் இறங்கினால் முழு வகுப்பும் வடக்கையும் தெற்கையும் மாற்றிப் படித்துவிடும்.

மாதம் பார்க்கத் தேவையில்லாத வழி இருக்கிறது. தடியை நேராக நட்டு, பதினொன்றரைக்கு நிழல் நுனியில் ஒரு கல். ஒரு மணித்தியாலம் கழித்துப் புது நுனியில் இன்னொரு கல். முதற்கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காக நிற்கும். தடி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கோடு மாறாது, இடையில் தடி அசையாமல் இருந்தால் போதும். பிறகு திசையறிகருவியை எடுத்து ஒப்பிடலாம். இரும்புக்கால் மேசைமேல் வைத்தால் ஊசி இழுபடும், நிலத்தில் வையுங்கள்.

‘கிழக்குக் கரையில் கடல் கிழக்கே இருக்கும்’ என்ற வரியும் நமக்குச் சரிவராது. டச்சுக்குடாப் பக்கப் பிள்ளைக்குக் கடல் கிழக்கே, உள்துறைமுகப் பக்கப் பிள்ளைக்கு மேற்கே. இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டு வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைக் கீறச் சொல்லுங்கள். வாக்குவாதம் வரும். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், அரை மணித்தியாலப் பாடத்தை அந்தச் சண்டையே நடத்திவிடும்.

காலக்கோட்டுப் பட்டியை நான் பரிந்துரைக்கவில்லை. திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டிய 1624, ஒல்லாந்தர் பிடித்த 1639, ஆங்கிலேயர் பிடித்த 1795 மூன்றும் சம இடைவெளியில் நிற்கின்றன. 15 வருடமும் 156 வருடமும் ஒரே அகலம்! அதற்குப் பதிலாக நாலரை மீற்றர் கயிறு வாங்குங்கள், வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர். ஒரு நுனி இந்த வருடம். பிள்ளை பிறந்த வருடம் விரலளவு தூரத்தில் வரும். 2004 சுனாமி ஏறத்தாழ ஒரு சாணில். அம்மம்மா பிறந்த வருடத்தை வீட்டில் கேட்டு வந்து துணி கௌவியைக் குத்தட்டும். 1624க்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பின் மறுகோடிவரை நடக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவது அந்த நடையில்தான்.

தொழில் அட்டைகளில் மீனவர் தூண்டிலோடு தனியே உட்கார்ந்திருக்கிறார். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது பொழுதுபோக்கு. அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு, வலை இழுப்பவர், மீன் ஏலம் கூறுபவர், ஐஸ் உடைப்பவர், சைக்கிளில் விற்பவர் என்று நாலு அட்டை பிரிஸ்டல் போர்டில் செய்து, ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு என்ன ஆகும் என்று நடிக்கவிடுங்கள். வேடம் கட்டுவதிலேயே நேரம் போய்விடும். கழுத்தில் அட்டை மாட்டினால் போதும்.

வினா அட்டைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளின் நறுக்குகள். அதைத் தனியாகவே வாங்கலாம்.

காசு கொடுக்குமுன் கடையிலேயே பெட்டியைத் திறந்து துண்டுகளை எண்ணுங்கள். கொழும்பு பரப்பில் ஆகச் சிறிய மாவட்டம், முதலில் தொலைவதும் அதுதான். வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் ஒவ்வொரு துண்டையும் பிரிஸ்டல் போர்டில் வைத்துச் சுற்றிக் கீறி ஒரு பிரதி வெட்டி வைத்துக்கொண்டால், தவணை முடிவில் 24 மாவட்டத்தோடு நிற்கத் தேவையில்லை.