விலா எலும்பு முறிவு வலி: மார்ஃபினா, எபிடியூரலா, பிளாக்கா?

விலா முறிந்தவரிடம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், அசையாமல் படுத்திருக்கும்வரை "மூணு" என்பார். அதை நம்ப வேண்டாம். இருமச் சொல்லுங்கள். இருமல் தொண்டையோடு நின்றுவிட்டால் வலி அடங்கவில்லை. சளி தேங்கி நிமோனியாவுக்கு வழி திறந்துவிட்டது.

ஒன்றிரண்டு விலாதான் என்றால் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணிக்கொரு தரம். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வலிக்கும்போது மட்டும் என்றில்லாமல் நேரம் தவறாமல் தர வேண்டும். சிறுநீரகமும் வயிறும் சரியாக இருந்தால் ஐபுபுரூஃபன் 400 மி.கி. சேர்க்கலாம். மார்பைச் சுற்றிப் பட்டி கட்டும் பழைய வழக்கம் மட்டும் கூடாது. மூச்சைத்தான் அது கட்டிப்போடும்.

நோயாளியே பொத்தானை அழுத்திப் போட்டுக்கொள்ளும் மார்ஃபின் (ஒரு தடவைக்கு 1 மி.கி., 5 நிமிட இடைவெளி) படுத்திருக்கும்போது உள்ள வலியைக் குறைக்கும். இருமும்போது உள்ள வலிக்கு அளவைக் கூட்டினால் தூக்கமும் மந்த மூச்சும் வரும். 65 வயதைத் தாண்டியவருக்கு மூன்று விலாவோ அதற்கு மேலோ போயிருந்தால், முதல் நாளே நரம்பு பிளாக்கை (வலியைக் கடத்தும் நரம்புகளை ஊசி மருந்தால் மரக்கச் செய்வது) யோசிப்பதே நல்லது.

இரு பக்கமும் முறிந்தால் எபிடியூரலுக்கு (தண்டுவட உறைக்கு வெளியே மரப்பு மருந்து செலுத்துவது) நிகர் குறைவு. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும். ரத்த உறைவுக் கோளாறு இருந்தால் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரினைத் தடுப்பு அளவில் போட்டிருந்தால்கூட 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு பக்க முறிவுக்குப் பாராவெர்டிபிரல் பிளாக் (முதுகெலும்பை ஒட்டிப் போடுவது) போதும். அழுத்தம் அவ்வளவு இறங்காது, ஆனால் ஊசி நுரையீரல் உறையை ஒட்டிப் போகிறது.

எரெக்டர் ஸ்பைனே (முதுகுத் தசைக்கு அடியில் போடுவது), செரேட்டஸ் (மார்பின் பக்கவாட்டுத் தசையை ஒட்டிப் போடுவது) பிளாக்குகளில் எது என்பதை முறிவின் இடமே சொல்லிவிடும். முன்புறமும் பக்கவாட்டும் என்றால் செரேட்டஸ். புரட்டாமல் மல்லாந்த நிலையிலேயே போடலாம். பின்புற முறிவுக்கு அது எட்டாது; எரெக்டர் ஸ்பைனேதான். அல்ட்ராசவுண்டில் ஊசி முனை முள்ளெலும்பின் குறுக்கு நீட்சியில் முட்டியதும் கொஞ்சம் சலைன் விட்டுப் பாருங்கள்: தசை எலும்பை விட்டு எழும்ப வேண்டும். தசைக்குள்ளேயே வீங்கினால் முனை இடத்தில் இல்லை.

மருந்துக் கணக்கில்தான் தப்பு நடக்கும். 60 கிலோ ஆளுக்கு ரோபிவகைன் என்ற மரப்பு மருந்தின் உச்சவரம்பு, கிலோவுக்கு 3 மி.கி. வீதம் 180 மி.கி. 0.375% மருந்தைப் பக்கத்துக்கு 30 மி.லி. வீதம் இரு பக்கமும் போட்டால் 225 மி.கி. ஆகிவிடும், 0.25% என்றால் 150. வாயைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல் வந்தால் மருந்து ரத்தத்தில் மிஞ்சிவிட்டது என்று பொருள்; ஊசியை நிறுத்துங்கள். அதற்கு மாற்று மருந்தான 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரே ஊசி சில மணி நேரத்தில் விட்டுவிடும். பல விலாக்கள் என்றால் மருந்தைத் தொடர்ந்து செலுத்தக் கதீட்டர் (மெல்லிய குழாய்) வையுங்கள். எதுவானாலும் பாராசிட்டமாலை நிறுத்தக் கூடாது; மரப்பு நள்ளிரவில் விடும்போது வேறு வலி மருந்தே இல்லாமல் முழு வலியோடு நோயாளி விழிக்கக் கூடாது.