இபிஎஸ் வால்யூம்: ஜிபி3 எடுங்கள், மிச்சத்தைக் கிராஃப் சொல்லும்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்-இல் சர்வருக்கு மாட்டும் டிஸ்க்தான் இபிஎஸ் வால்யூம். அதில் எந்த வகை எடுப்பது என்று குழம்பினால், கேள்வி கேட்காமல் ஜிபி3-இல் ஆரம்பிக்கலாம். 2020 டிசம்பரில் வந்த வகை. எவ்வளவு சின்ன வால்யூமாக இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற கணக்கு), விநாடிக்கு 125 மெகாபைட் வேகம் சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வேகத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், அதற்காக இடத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய ஜிபி2-இல் இருந்த பெரிய தொல்லையே வேகத்துக்காக இடத்தைக் கூட்ட வேண்டியிருந்ததுதான். கிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் என்பது கணக்கு, ஆக 100 கிகாபைட் வால்யூமுக்கு நிலையாகக் கிடைப்பது வெறும் 300. சும்மா இருக்கும்போது சேர்ந்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை ஓடும், முழு வேகத்தில் விரட்டினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும், தீர்ந்ததும் டேட்டாபேஸ் படுத்துவிடும். சிபியு சும்மா இருக்கும், மெமரியும் இருக்கும், ஆனால் ஒரு குவெரிகூட நகராது. மிச்சமுள்ள கிரெடிட்டைக் காட்டும் பர்ஸ்ட் பேலன்ஸ் கிராஃபைப் பார்க்காதவர்கள் டெவலப்பர் தலையைத்தான் உருட்டுவார்கள். விலையும் ஜிபி3-இல் கிகாபைட்டுக்கு 20 சதவீதம் குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாறலாம். ஒரு கவனம் வேண்டும்: 1,000 கிகாபைட் ஜிபி2 விநாடிக்கு 250 மெகாபைட் வரை தரும். டெம்ப்ளேட்டில் வகைப் பெயரை மட்டும் திருத்திப் புது வால்யூம் உருவாக்கினால் 125-தான் வரும்.

டேட்டாபேஸ் என்றாலே விலை கூடிய ஐஓ2 வகைதான் என்பதை நான் ஏற்கவில்லை. தாமதம் ஏறி இறங்காமல் இருந்தே ஆக வேண்டும், 99.999 சதவீத நீடிப்பு (டேட்டா தொலையாமல் இருக்கும் உறுதி) வேண்டும் என்றால் சரி, கொடுக்கிற காசுக்குத் தகும். ஆனால் இன்ஸ்டன்ஸுக்கென்று (வால்யூமை மாட்டும் சர்வர்) தனியாக ஒரு இபிஎஸ் வரம்பு இருக்கிறது, சின்ன இன்ஸ்டன்ஸில் கொண்டுபோய் மாட்டினால் பில் மட்டும்தான் வேகமாக ஏறும்.

எஸ்டி1 ஹார்ட் டிஸ்க் வகை. காஃப்கா (செய்திகளை வரிசையாகச் சேமித்துக் கடத்தும் மென்பொருள்), பெரிய லாக் ஃபைல்கள் என்று வரிசையாகப் படித்து எழுதும் வேலைக்கு அருமை, அங்குமிங்கும் தாவிப் படித்தால் திணறும், உச்சமே 500 ஐஓபிஎஸ்தான். இதிலிருந்து பூட் செய்யவும் முடியாது. எஸ்சி1-உம் ஹார்ட் டிஸ்க்தான், இன்னும் மெதுவானது. எப்போதாவது தொடுகிற டேட்டாவுக்கு ஃபைல் சிஸ்டம் கட்டாயமில்லை என்றால், டிஸ்க்காக மாட்டாமல் பயன்படுத்தும் சேமிப்புச் சேவையான எஸ்3-யிலேயே போட்டுவிடலாம்.

எந்த வகையானாலும் அளவைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிதாக எடுக்காதீர்கள்.